94-இல் நின்றுவிடும் வேகம்

வீட்டு இன்டர்நெட் மந்தப்பட்டுவிட்டால் நம்மவர்கள் முதலில் குற்றம் சுமத்துவது இணைப்புக் கொடுத்த கம்பெனியின்மேல், அடுத்தபடியாக வைஃபையின்மேல், அதற்கும் பரிகாரம் கிடைக்காவிட்டால் ரவுட்டர் பழசாகிவிட்டது என்று தீர்மானித்து, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, பழைய கம்பியையே அதிலும் சொருகிவிட்டு, வேகம் முன்னிருந்தபடியே இருக்கக் கண்டு திகைத்து நிற்கிறார்கள். அலமாரிக்குப் பின்னாலும் கதவிடுக்கிலும் வருஷக்கணக்காக மிதிபட்டுக் கிடக்கும் அந்தக் கம்பியின்மேல் ஒருவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எழாததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கம்பி அறுந்திருந்தால் நெட் அடியோடு நின்றுபோகும், வந்துகொண்டுதான் இருக்கிறது என்றால் கம்பியில் குறையில்லை என்பது நம்முடைய அனுமானம். மின்சார விளக்கைப் பொறுத்தவரையில் இந்த அனுமானம் பெரும்பாலும் சரியே. கணினிக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பிக்கோ இது பொருந்துவதேயில்லை. அரைகுறையாகப் பழுதுபட்ட கம்பி, முற்றிலும் அறுந்த கம்பியைக் காட்டிலும் அதிக உபத்திரவம் செய்யவல்லது. அறுந்த கம்பி தன் குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறது, பழுதுபட்ட கம்பியோ பழியைப் பிறர்மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறைந்திருக்கிறது. அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்பதை, யந்திர விஷயங்களில் பழக்கமில்லாதவரும் தாமே செய்து பார்க்கும்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டுக் கம்பிகளும் நான்கு ஜோடிகளும்

ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் கேபிளின் வெளித்தோலை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருப்பது தெரியும். ஆரஞ்சு நிறக் கம்பியோடு வெள்ளையில் ஆரஞ்சுக் கோடு போட்டது, பச்சையோடு வெள்ளையில் பச்சைக் கோடு போட்டது, அவ்வாறே நீலமும் பழுப்புமாக, இரண்டிரண்டாய் முறுக்கப்பட்டு அவை நான்கு ஜோடிகளாக அமைந்திருக்கும். அந்த முறுக்கு அழகுக்காகவோ உறுதிக்காகவோ போடப்பட்டதன்று. பக்கத்தில் ஓடும் மின்சாரக் கம்பியிலிருந்தோ, கேபிளுக்குள்ளேயே அண்டையிலுள்ள ஜோடியிலிருந்தோ வருகிற இடையூறு, முறுக்கிய இரண்டு கம்பிகளின்மீதும் ஏறக்குறையச் சமமாகவே விழுகிறது. செய்தியோ, ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும்படியாக, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாக அனுப்பப்படுகிறது. மறுமுனையில் இருக்கும் சாதனம் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது, இரண்டிலும் சமமாக இருந்த இடையூறு ஒழிந்துபோய்ச் செய்தி மட்டும் மிஞ்சுகிறது. டெலிபோன் கம்பிகளுக்காக இந்த யுக்தியை அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே பேடன்ட் செய்து வைத்தார். நம் வீட்டு இன்டர்நெட் இன்றைக்கும் அந்த முறுக்கை நம்பித்தான் ஓடுகிறது.

கணினிகளைக் கம்பியால் கோக்கும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் முதலியோரின் முயற்சியால் பிறந்தது. அப்போது எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளில் தொற்றிக்கொண்டு நின்றன. முறுக்கிய ஜோடிக் கம்பிகளில் வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் செய்தி அனுப்புவதற்கான தரநிலை 1990-இலும், 100 மெகாபிட்டுக்கு உரியது 1995-இலும், 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட்டுக்கு உரியது 1999-இலும் வகுக்கப்பட்டன. இவற்றுள் 10, 100 ஆகிய வேகங்களுக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஒன்று அனுப்புவதற்கு, மற்றொன்று பெறுவதற்கு. கிகாபிட் வேகத்துக்கோ நான்கு ஜோடிகளும் தேவை. நான்கும் ஒரே சமயத்தில் இரு திசைகளிலும் வேலை செய்யவேண்டும். நம்முடைய தொல்லையில் பாதிக்கு விளக்கம் இந்த வேற்றுமையிலேயே இருக்கிறது.

ஏன் 94?

நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேபிளைச் சொருகியவுடன் இரு முனைகளிலும் உள்ள சாதனங்கள், எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்பதைச் சிறு துடிப்புகளின் மூலம் தமக்குள் கலந்து தீர்மானிக்கின்றன. இந்தக் கலந்தாலோசனை ஆரஞ்சு, பச்சை ஜோடிகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அவை நல்ல நிலையில் இருக்கிறபடியால், கிகாபிட்டில் பேசலாம் என்று இரண்டும் சம்மதித்துவிடுகின்றன. ஆனால் பேசத் தொடங்கினாலோ மற்ற ஜோடி ஒத்துழைப்பதில்லை. இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, பல சாதனங்கள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகின்றன. அதற்கு வேண்டிய இரண்டு ஜோடிகளும் பழுதின்றி இருப்பதால் விளக்கு எரிகிறது, படம் ஓடுகிறது, மெயில் வருகிறது. வினாடிக்கு 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியவர் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகக் கிடைக்காமல் கம்பெனிக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். இப்படி இறங்கிப் போகத் தெரியாத சாதனங்களும் உண்டு. அவை சேர்ந்தும் பிரிந்தும் மறுபடி சேர்ந்தும் அல்லாடுவதைத்தான் "நெட் விட்டு விட்டு வருகிறது" என்கிறோம்.

இந்த நிலையில் ஸ்பீடு டெஸ்ட் செய்து பார்த்தால் 100 வராமல் 94 அல்லது அதையொட்டிய எண்ணே வரும். செய்தி கம்பியில் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகவே செல்கிறது. ஒவ்வொரு முழுப் பாக்கெட்டும், முகவரி, சரிபார்ப்பு எண், இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் அளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதில் நமக்குரிய சரக்கு சுமார் 1460 பைட்தான். மிச்சம் போக்குவரத்துச் செலவு. ஆகவே, பெரிய பிளான் வைத்திருக்கும் வீட்டில், காலையானாலும் நள்ளிரவானாலும் வேகம் 94-க்கு மேல் நகராமல் நிற்குமானால், வழியில் ஏதோ ஓரிடம் 100 மெகாபிட்டில் அடைபட்டிருக்கிறது என்பது ஏறத்தாழ நிச்சயம். கம்பெனியின் தரப்பில் கூட்டம் அதிகமாகி வேகம் குறைந்தால், அந்த எண் வேளைக்கு வேளை ஏறி இறங்கும். இப்படிச் சுவரில் முட்டியதுபோல் ஒரே இடத்தில் நிற்காது.

அதற்காக 94 வந்த இடமெல்லாம் கம்பிதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எடுத்திருக்கும் பிளானே 100 மெகாபிட்டாக இருக்கலாம். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில், புதியவற்றில்கூட, லேன் துவாரம் 100 மெகாபிட்டுக்குரியதுதான். கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பைபர் மோடம்கள் சிலவற்றில் நான்கு துவாரங்கள் இருந்தாலும் ஒன்று மட்டுமே கிகாபிட்டுக்கு உரியதாக இருக்கும். ரவுட்டரை மற்ற மூன்றில் ஒன்றில் சொருகிவிட்டு வேகம் வரவில்லையே என்று ஏங்குவதில் பயனில்லை. மேலும், கோப்பு இறங்கும்போது திரையில் தெரியும் எண் பெரும்பாலும் மெகாபைட்டில் இருக்கும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்டாகையால், 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12 மெகாபைட்டையொட்டி இறங்கினால் அது குறைவன்று, முழு வேகமே.

சேதமும் நெரிசலும்

கம்பி 100-இல் நின்றுவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம். கிகாபிட்டிலேயே இணைந்து நின்றுகொண்டு, அவ்வப்போது சில பாக்கெட்டுகளை மட்டும் சிதைத்துவிடும் கம்பியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஒவ்வொரு பாக்கெட்டின் கடைசியிலும் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். பெறுகிற சாதனம் அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவராவிட்டால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அனுப்பியவருக்குத் தெரிவதெல்லாம், தான் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே.

அனுப்பும் கணினி இதற்கு என்ன பொருள் கொள்கிறது என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரமே உள்ள ஒரு பாதையில், வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த போக்குவரத்து நெரிசலினால் 40 பிட்டாகச் சுருங்கிப்போயிற்று. இதன் காரணத்தை ஆராய்ந்த வான் ஜேகப்ஸன் என்னும் விஞ்ஞானி 1988-இல் ஒரு பரிகாரத்தை வெளியிட்டார். கம்பியின் சேதத்தால் பாக்கெட் தொலைவது அபூர்வம். ஆகவே ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்றே கொண்டு, அனுப்புகிறவர் தம் வேகத்தை உடனே பாதியாகக் குறைத்துக்கொண்டு, பிறகு சிறுகச் சிறுக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இன்டர்நெட்டை முடங்கிப் போகாமல் காப்பாற்றிய ஏற்பாடு அது. பல விதங்களில் சீர்திருத்தப்பட்டபோதிலும், இன்றளவும் பெரும்பாலான கணினிகள் அந்த அனுமானத்தின் மேலேயே இயங்குகின்றன.

நம் வீட்டுக் கம்பி கெட்டுப்போனால் அந்த அனுமானம் பொய்த்துப்போகிறது. நெரிசலே இல்லாத பாதையில் சேதத்தினால் பாக்கெட் தொலைகிறது. தொலைதூரத்தில் உள்ள கணினியோ அதை நெரிசல் என்று எண்ணி மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. நூற்றில் ஒரு பாக்கெட் சேதமானால் வேகமும் நூற்றில் ஒரு பங்கு குறையும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடக் கூடும். போய்த் திரும்பும் பிரயாணம் எவ்வளவு நீளமோ, விழுந்த வேகம் மீண்டும் ஏறுவதற்கும் அவ்வளவு தாமதமாகும். அதனால்தான் உள்ளூர் சர்வரோடு செய்யும் ஸ்பீடு டெஸ்ட் திருப்தியாக இருக்கையில், அயல்நாட்டுச் சர்வரிலிருந்து வரவேண்டிய கோப்பு நகராமல் கிடக்கிறது. வீடியோ காலில் பேசும்போதோ, தொலைந்ததைத் திரும்ப அனுப்ப அவகாசமே இல்லாதபடியால், குரல் தடுமாறி முகம் உறைந்து நின்றுவிடுகிறது.

கெடுகிற விதங்கள்

கம்பி கெடுவதற்கு அதன் நீளத்தைவிட நுனிதான் பெரும்பாலும் காரணமாகிறது. கேபிளின் நுனியில் அழுத்திப் பொருத்தப்பட்ட (கிரிம்பிங் செய்யப்பட்ட) பிளாஸ்டிக் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டுக் கம்பிகளின் நுனிகளும் பின்னின் முன் சுவரை ஒரே வரிசையாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேபிளின் வெளித்தோல் பின்னுக்குள் புகுந்து, அங்குள்ள பிடியின்கீழ் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். தோல் வெளியே நின்றுவிட்டு, உள்ளே மெல்லிய கம்பிகள் மட்டும் இழுபட்டுத் தொங்கினால், அந்தப் பின் சீக்கிரமே கைவிட்டுவிடும். நுனியில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரித்துவிடுவதும் தவறு. சுவருக்குள் போகும் ஒற்றைத் தடிக் கம்பிக்கும், மேஜையில் வளைந்து நெளியும் இழைக் கம்பிக்கும் பின்கள் வெவ்வேறு. மாற்றிப் போட்டால் தொடுகை நிலைக்காது.

எல்லாவற்றிலும் நூதனமான பழுது ஒன்று உண்டு. எட்டுக் கம்பிகளையும் பின்னில் வைப்பதற்கு வகுத்த வரிசையில் முதல் இரண்டு இடங்கள் ஒரு ஜோடிக்கு, கடைசி இரண்டு வேறொரு ஜோடிக்கு. நடுவிலுள்ள 4, 5 ஆகிய இடங்கள் ஒரு ஜோடிக்கு. எஞ்சிய ஜோடியின் கம்பிகள் அதன் இருபுறமுமாக 3-இலும் 6-இலும் பிரிந்து நிற்கும். நடு ஜோடி டெலிபோனுக்கு என்ற பழைய ஏற்பாட்டை அனுசரித்து அமைந்தது இது. இதை அறியாத ஒருவர், ஜோடி ஜோடியாக வரிசையில் வைப்பதுதானே நியாயம் என்று எண்ணி, 3, 4 ஒரு ஜோடி, 5, 6 ஒரு ஜோடி என்று இரு முனைகளிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டால், மின்தொடர்பில் எவ்விதக் குறையும் இராது. கடையில் விற்கும் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்து, கேபிள் நன்றாக இருக்கிறது என்று சான்று கூறிவிடும். ஆனால் 3, 6 ஆகிய இடங்களில் இருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவையல்ல; ஆளுக்கொரு வேற்றுக் கம்பியோடு முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இடையூறைக் கழித்துப்போடும் அந்த உபாயம் அங்கே செத்துப்போகிறது, பாக்கெட்டுகள் சிதைகின்றன. விளக்கு எரிவதை நம்பி இந்தக் கேபிளை நல்லது என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடினால், எத்தனை நாள் தேடினாலும் பழுது அகப்படாது.

கம்பியின் உலோகமும் கவனிக்கத்தக்கது. மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் சில, அலுமினியக் கம்பிக்குத் தாமிரப் பூச்சுப் பூசியவை. பெட்டியில் சிசிஏ என்ற சிறு எழுத்துகளில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டினால் செம்பின் நிறம் போய் வெள்ளி நிறம் தெரியும். இத்தகைய கம்பிக்கு மின்தடை அதிகம். சில தடவை மடக்கினால் ஒடிந்தும் போகும். இவை தவிர, மொட்டை மாடி வெயிலில் வெடித்த தோல் வழியாக மழைநீர் இறங்குவதும், கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினால் பின்னின் தொடுகைகளில் களிம்பு ஏறுவதும், எலியும் அணிலும் கடிப்பதும், கதவு நசுக்குவதும் நாம் அறிந்தவையே. கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சாரக் கம்பிகளோடு ஒரே குழாயில் அதைச் செலுத்துவது வேகத்துக்கு மட்டுமின்றி உயிருக்கும் ஆபத்து.

பரிசோதிக்கும் முறை

பரிசோதனையின் தத்துவம், பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ரவுட்டர், கம்பி, துவாரம் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர், எதனால் வந்தது என்பதை அறியாமலே இருந்துவிடுகிறார்.

முதலாவதாக, தரமான தாமிரக் கம்பியாலான, கம்பெனியிலேயே பின் பொருத்தி வந்த ஒரு குட்டிக் கேபிளை வாங்கி, பரிசோதனைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதைக்கொண்டு லேப்டாப்பை ரவுட்டரின் பக்கத்திலேயே கொண்டுபோய் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, வேகத்தை அளக்க வேண்டும். பிளானில் சொன்ன வேகம் அங்கே வந்துவிட்டால் கம்பெனி நிரபராதி. பழுது வீட்டுக்குள்ளே இருக்கிறது. வராவிட்டால் ரவுட்டரை விலக்கிவிட்டு, மோடத்திலேயே நேராக இணைத்துப் பார்க்கலாம். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே கிடக்கும் முழ நீளக் கேபிள் பழுதாகி வீடு முழுவதையும் மந்தப்படுத்துவதும் உண்டு. வைஃபையில் மட்டுமே நெட் பார்ப்பவர்களும் அந்தக் கம்பியிலிருந்து தப்ப முடியாது.

இரண்டாவதாக, கணினியின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் என்று காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். 1000 என்றிருக்க வேண்டிய இடத்தில் 100 என்றிருந்தால், ஸ்பீடு டெஸ்ட்கூட வேண்டியதில்லை; பழுதோ பொருத்தமின்மையோ அந்தக் கேபிளிலும் அதன் இரு முனைத் துவாரங்களிலும் அடங்கிவிட்டது.

மூன்றாவதாக, வெளியுலகை விட்டுவிட்டு, ரவுட்டருக்கே பிங் என்னும் கட்டளையைத் தொடர்ச்சியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி வழியாக வரும் பதில் ஓரிரு மில்லிசெகண்டுக்குள் வரவேண்டும். நூற்றில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின் உள்ள நுனியை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். கதவிடுக்கில் மடங்கிய இடத்தை நிமிர்த்திப் பாருங்கள். அசைக்கிற அந்தக் கணத்தில் பதில் நின்றுபோனால், திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று அர்த்தம். ஒட்டுப் போட முயலாமல், நுனியை வெட்டிவிட்டுப் புதுப் பின் போடுவதோ கேபிளையே மாற்றுவதோ உத்தமம்.

வீட்டுக்கு வெளியே பழுது என்று தெரிந்துவிட்டால், பைபர் இணைப்பில் சில குறிப்புகளை நாமே கவனிக்கலாம். மோடத்தில் லாஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை. ஒளி வந்தும் பலவீனமாக வந்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரியாது. நெட் மட்டும் தடுமாறும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் காட்டப்பட்டிருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எல்லையில் நிற்கிறது. இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். பைபரை ஆணியில் சுற்றித் தொங்கவிடுவதும், கூர்மையாக மடக்குவதும், பச்சை நிறப் பின்னை நீல நிறத் துவாரத்தில் சொருகுவதும் ஒளியைக் குறைக்கும். அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகையால், இருப்பதே தெரியாமல் கண்ணைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்து பார்த்தபின் கம்பெனிக்குப் போன் செய்கிறவரின் பேச்சு வேறு விதமாக இருக்கும். "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று புகார் சொன்னால், மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் கிடைக்கும். "மோடத்திலேயே நேராகக் கம்பி போட்டுப் பார்த்தேன், இணைப்பு 1000-இல் இருக்கிறது, வேகம் 40-க்கு மேல் வரவில்லை, ஒளி மைனஸ் 28 காட்டுகிறது" என்று சொல்கிறவருடைய வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் தட்டிக்கழிப்பது எளிதன்று. ஆகவே வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: புது ரவுட்டருக்கென்று ஆயிரக்கணக்கில் பணத்தை எடுத்து வைக்கும் முன், சில நூறு ரூபாயில் ஒரு நல்ல கேபிளை வாங்கி, பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டுப் பாருங்கள்.